எண்பது பேர், நூற்று அறுபத்துமூன்று குடங்கள்

சங்கரன்கோவிலில் எங்கே கூட்டம் கூடினாலும் அதில் எத்தனை பேர் என்று சொல்வது பல வருடங்களாக என் பொறுப்பு. யாரும் என்னிடம் ஒப்படைத்த பொறுப்பு இல்லை, நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது. பிழைப்புக்குப் பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. கூடவே ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபர். இரண்டிலும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் ஊரில் உண்டு. கூட்டத்தை அளப்பதில் மட்டும் என்னை விட்டால் ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் எழுதப் போகிறேன். எழுத வெட்கமாக இருக்கிறது.

அளக்கும் முறை ரொம்பச் சாதாரணம். ஒரு மாடிப்படியில் ஏறி நிற்க வேண்டும். இந்தக் கடைப் பலகையிலிருந்து அந்த மின்கம்பம் வரை என்று கூட்டத்தில் ஒரு துண்டை மனதில் வெட்டிக்கொள்ள வேண்டும். அந்தத் துண்டுக்குள் இருக்கும் தலைகளை மட்டும் ஒழுங்காக எண்ணிவிட்டு, அதைப் போல எத்தனை துண்டு தெருவில் விழும் என்று பார்த்துப் பெருக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். முன்னால் நெருக்கியடித்து நிற்கும் கூட்டம் பின்னால் போகப் போக இளகிவிடும். முன் துண்டில் நாற்பது என்றால் நடுவில் முப்பது இருக்கும், வாலில் பத்துதான் இருக்கும். ஆடித்தபசுக்கு ரத வீதியில் கூடும் ஜனத்தைக்கூட இப்படித்தான் அளப்பேன்.

கடைசியில் எண்ணை முழுசாக்க வேண்டும். நூற்றுக்குள் என்றால் பக்கத்துப் பத்துக்கு, ஆயிரத்துக்குள் என்றால் பக்கத்து ஐம்பதுக்கு. நானூற்றுப் பன்னிரண்டு பேர் என்று செய்தி அனுப்பினால், "ஒவ்வொருத்தரையா தொட்டு எண்ணுனீங்களாக்கும்?" என்று பத்திரிகை அலுவலகத்தில் கேலி பேசுவார்கள். நானூறு என்றால் மறுபேச்சு இல்லாமல் போட்டுவிடுவார்கள். உண்மையைவிட உருண்டையான எண்ணுக்குத்தான் மதிப்பு என்று அங்கேதான் படித்துக்கொண்டேன்.

ஊரில் வேறு இரண்டு பத்திரிகைகளுக்கும் நிருபர்கள் இருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் இருவரும் என்னைக் கூப்பிட்டு, "எத்தனைவே போடலாம்?" என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். கூட்டங்களுக்கு வந்து குறிப்பெடுக்கும் போலீஸ்காரர் ஒருவர் உண்டு. அவர் நேரடியாகக் கேட்க மாட்டார். டீக்கடையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இன்னைக்கு நல்ல கூட்டம் போல" என்பார். நான் எண்ணைச் சொல்வேன். அவர் என் டீக்கும் சேர்த்துச் சொல்வார். இதெல்லாம் எனக்கு உள்ளூரக் குளிர்ச்சியாக இருந்தது.

அந்த வருடம் சித்திரையில் வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் தெருக்குழாயில் சில நாட்களுக்கு ஒருமுறைதான் தண்ணீர், அதுவும் விடிகிற நேரத்தில். எல்லாரும் முன்கூட்டியே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். நான் சொல்லப்போகும் அந்த நாளின் காலையில், என் குடத்தை எதிர்வீட்டுக்காரர் பின்னால் தள்ளி வைத்துவிட்டார். காபியைப் பாதியில் வைத்துவிட்டுச் சண்டைக்குப் போனேன்.

"குடத்த எதுக்குவே நகட்டுனீரு?"

"ஆளக் காணும்லா."

"குடம் நிக்குதுல்லா? குடம் நின்னா நான் நிக்கேன்னுதான அர்த்தம். இது தெரியாமலா இந்தத் தெருவுல குடியிருக்கீரு?"

தெருவே என் பக்கம் பேசியது. அவர் முணுமுணுத்துக்கொண்டே என் குடத்தைப் பழைய இடத்தில் வைத்தார். ஜெயித்த தெம்பில் இரண்டு தோசை அதிகமாகவே சாப்பிட்டுவிட்டுக் கடைக்குக் கிளம்பினேன்.

கடையைத் திறந்து கொஞ்ச நேரத்தில், குடிநீர் விநியோகத்தைக் கவனிக்கும் அலுவலகத்தின் முன்னால் மறியல் என்று போன் வந்தது. இளையரசனேந்தல் பக்கத்தில் வானம் பார்த்த பூமியில் ஒரு ஊர். அங்கே ஆழ்துளைக் கிணறு வற்றி மாதக்கணக்காகிவிட்டது. பெண்கள் குட்டியானை வண்டிகளில் ஏறி, காலிக்குடங்களோடு வந்து நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். தினமும் இரண்டு லாரி தண்ணீர் வேண்டும் என்பது அவர்கள் கேட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி இருக்கும். எதிரே இருந்த மருந்துக்கடையின் மாடிப்படியில் ஏறினேன். பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசைகளில் பத்துப் பேர், பின்னால் ஆறு, ஏழு. பெருக்கிக் கூட்டினால் எழுபத்தெட்டிலிருந்து எண்பத்திரண்டுக்குள். எண்பது என்று முடிவு செய்தேன். இது இன்றைக்கும் சரியான எண்தான்.

குடங்கள் அவர்களுக்கு முன்னால் தனியாக நின்றன. பச்சை, நீலம், ஆரஞ்சு என்று எல்லா நிறத்திலும் பிளாஸ்டிக் குடங்கள். வாயில் வாய் வைத்து அடுக்காமல், ஒவ்வொன்றும் தரையில் தனித்தனியாக, நேர் வரிசையில். அந்த ஒழுங்கைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் பார்த்தது அதையல்ல. ஆளைவிடக் குடம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இருக்கிறதே என்று பார்த்தேன். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, ஒருத்திக்கு இரண்டு குடம் என்று விகிதமும் கண்டுபிடித்தேன். கணக்கு அழகாகப் பொருந்தியது. பொருந்திவிட்டதால் யாரிடமும் கேட்கவில்லை.

படியிலிருந்து இறங்கி வரும்போது அதிகாரி வெளியே வந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. சட்டை முழுக்க வியர்வை. பெண்களுக்காகப் பேச முன்னால் நின்றவர் நாற்பது நாற்பத்தைந்து வயதுக்காரி, தலையில் துண்டை மடித்துப் போட்டிருந்தார்.

"உங்க ஊர்ல பாதி வீடு பூட்டிக் கிடக்குன்னு சொல்றாங்க. பூட்டின வீட்டுக்குத் தண்ணி அனுப்ப முடியாதும்மா. இப்ப குடியிருக்கிறது எத்தனை வீடு?" என்று அதிகாரி கேட்டார்.

"நூத்தி அறுபத்திமூணு வீடு சார்."

"ஒரு லாரி எண்பது வீட்டுக்குத் தாராளமா வரும். வீட்டுக்கு ஒருத்தர்னு வச்சா, இங்க எத்தனை பேர் வந்திருக்கீங்க?"

அந்த அம்மா வாயைத் திறப்பதற்குள் அதிகாரியின் பார்வை என் மேல் விழுந்தது. என்னை அவருக்குத் தெரியும். "நீங்க எவ்வளவு போட்டிருக்கீங்க?" என்றார்.

"எண்பது சார்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள், மற்ற இரண்டு நிருபர்களும் நின்றார்கள், எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அவங்க சொல்லுதது குடக் கணக்கு சார். ஆள் கணக்கு எண்பதுதான்" என்றேன்.

கொல்லென்று சிரிப்பு எழுந்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார். அந்த அம்மா மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்து, "குடம் நிக்குதுல்லா சார்?" என்றார். காலையில் நான் தெருவில் சொன்ன அதே பேச்சு. என் காதில் அது விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை. இன்னொரு தடவை சிரித்தேன்.

தினமும் ஒரு லாரி என்று முடிவானது. பெண்கள் குடங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மற்ற நிருபர்கள் எண்பது என்று குறித்துக்கொண்டார்கள். போலீஸ்காரர் டீக்கடையில் எண்பது என்று குறித்துக்கொண்டார். மறுநாள் மூன்று பேப்பரிலும், காலிக்குடங்களுடன் சுமார் எண்பது பெண்கள் மறியல் என்று வந்தது.

பேப்பர் வந்த அன்று மத்தியானம் என் மனைவி அதை வாசித்தாள். வாசித்துவிட்டுப் படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"ஏங்க, மறியலுக்குப் போறவ ரெண்டு குடத்த எதுக்குத் தூக்கிட்டுப் போவா? காலிக்குடம்னு காட்டுததுக்கு ஒண்ணு போதும்லா?"

"ரெண்டு கை இருக்குல்லா" என்றேன்.

"வர முடியாதவ தன் குடத்தைக் குடுத்து விட்டிருப்பா. வரிசையா வச்சிருக்காளுவ பாருங்க, நம்ம குழாயடி மாதிரி. நேத்து எதிர்வீட்டுக்காரர்ட்ட நீங்க என்ன சொன்னீங்க?"

தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் படத்தை வாங்கிப் பார்த்தேன். நூற்று அறுபத்துமூன்று வீடு, நூற்று அறுபத்துமூன்று குடம். பாதிப் பேர் வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்று பாதிப் பேர் வந்திருக்கிறார்கள். வராதவர்களை வந்தவர்கள் குடமாகத் தூக்கி வந்திருக்கிறார்கள். அந்தப் பாதியை நான் ஊர் நடுவில் நின்று சிரித்தே அழித்துவிட்டேன்.

"அந்த ஊருக்கு ஒரு நடை போய்க் கேட்டுட்டு வாங்க" என்றாள்.

நான் போகவில்லை. மறுநாள் போகலாம் என்று நினைத்தேன். மறுநாள் கடையில் பரீட்சைக்கு விண்ணப்பிக்கிற கூட்டம். அதற்கு மறுநாள் வெயில். தப்பு என்று தெரிந்த பிறகு பன்னிரண்டு நாள் தள்ளிப்போட்டேன். தெரியாமல் செய்தது ஒரு நிமிடத் தப்பு. இந்தப் பன்னிரண்டு நாள் தெரிந்தே செய்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

பதின்மூன்றாம் நாள் பைக்கில் போனேன். ஊர் முகப்பில் வேப்பமரத்தடியில் லாரி நின்றது. இடம் பிடிக்க வீட்டுக்கு ஒன்றாகக் குடங்கள் வரிசையில் நின்றன. மறியலில் பார்த்த அதே அம்மா ஒரு நோட்டோடு நின்று ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு ஐந்து குடம். லாரியில் இருந்தது எண்ணூறு குடத் தண்ணீர். நூற்று அறுபது வீட்டோடு தண்ணீர் நின்றுவிடும். மிஞ்சும் மூன்று வீட்டுக்கு ஒன்றும் கிடைக்காது.

"அந்த மூணு வீட்டுக்கு?" என்று கேட்டேன்.

"தினம் மாறும் சார். இன்னைக்கு இன்னார் இன்னார்னு இதுல எழுதியிருக்கேன். அவங்க அக்கம்பக்கத்துல ஆளுக்கு ஒரு குடம் வாங்கிக்கிடணும்" என்று நோட்டைக் காட்டினார்.

தேதி போட்டு, ஒவ்வொரு தேதிக்கும் நேராக மூன்று பெயர் எழுதியிருந்தது. என் தொழிலில் எண்ணை முழுசாக்கும்போது விழும் மிச்சத்தை நாங்கள் இப்படி எழுதி வைத்ததே இல்லை.

நான் செய்த தப்பைச் சொன்னேன். கோர்வையாகச் சொல்ல வரவில்லை. அந்த அம்மா முழுவதும் கேட்டார்.

"நீங்க எண்ணுனது சரிதான் சார். எண்பது பேருதான் உக்காந்திருந்தோம். கேக்கத்தான் இல்ல" என்றார். அடுத்த வீட்டின் பெயரைக் கூப்பிடத் திரும்பிவிட்டார்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வரிசைக் கடைசியில், கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டிய ஆரஞ்சுக் குடத்தோடு ஒரு பெண் நின்றாள். முப்பது வயது இருக்கும். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தவள், கையில் தீக்குச்சி மருந்து ஒட்டியிருந்தது. அன்றைய மூன்று பேரில் அவளும் ஒருத்தி. அக்கம்பக்கத்துக் குடத்துக்காக நின்றாள்.

"பேப்பர்க்கார சார் நீங்கதானா? அன்னைக்கு நான் வரல. லீவு குடுக்க மாட்டாங்க. என் குடம் வந்துச்சு" என்றாள். பிறகு, கோபமே இல்லாமல், "என்னைய நீங்க சேக்கலன்னு சொன்னாங்க" என்றாள்.

என் போன் நம்பரை ஒரு தாளில் எழுதி அவளிடம் கொடுத்தேன். அந்த நேரத்தில் வேறு எதைக் கொடுப்பது என்று தெரியவில்லை. பிறகு வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து குடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன். நூற்று அறுபத்துமூன்று.

நேராக அதிகாரியிடம் போனேன். "நான் சொன்னது தப்பு சார். வீடு நூத்தி அறுபத்திமூணு. குடத்தை எண்ணிட்டுத்தான் வாரேன்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு கோப்பை எடுத்து விரித்தார். "மேலிடத்துக்கு எண்பதுன்னு எழுதியாச்சே. மூணு பேப்பர்லயும் எண்பது. போலீஸ் குறிப்புலயும் எண்பது. நாலு பேர் தனித்தனியா ஒரே எண்ணைச் சொல்லியிருக்காங்க. நீங்க ஒருத்தர் இப்ப வந்து மாத்திச் சொன்னா நான் எதை நம்புறது?"

அந்த நாலு பேரும் நான்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது. வெட்கம் என்றால் என்ன என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். ஒரு வாய் சொன்னதை நாலு கை எழுதியிருக்கிறது. எழுதியதும் அது சாட்சியாகிவிட்டது. இத்தனை வருடம் நான் சொன்ன அத்தனை எண்ணும் இப்படித்தானே போயிருக்கும்.

"நாலு பேர்ட்டயும் எழுதி வாங்கிட்டு வாங்க, அனுப்பிப் பார்க்கிறேன்" என்றார்.

ஒவ்வொருவரிடமாகப் போனேன். முதல் நிருபர் சிரித்து உருண்டார். "ஒமக்கே கணக்குத் தப்புமாவே? அப்ப நாங்கல்லாம் யாருட்ட கேக்க?" என்றார். எழுதிக் கொடுத்தார். இரண்டாமவர், "நீரு எண்ணிச் சொன்னீருன்னு நான் எப்படி எழுதுவேன்? எம் பொழப்பு என்னாவது?" என்று இரண்டு நாள் இழுத்தடித்தார். அவர் கேட்டது நியாயம்தான். போலீஸ்காரர் டீக்கடையில் நான் உட்கார்ந்ததும் எழுந்து போய்விட்டார். மூன்றாம் தடவை வழிமறித்து நின்ற பிறகு, தானே ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுவதாகச் சொன்னார். போய்ப் பார்க்கவும் செய்தார். எங்கள் நாலு பேரில் அந்த வேலையைச் சரியாகச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

இரண்டாவது லாரி கிடைக்க இருபத்தாறு நாள் ஆனது. அந்த நாட்களில் வீட்டில் குடத்திலிருந்து ஒரு செம்பு மொள்ளும்போதெல்லாம் அந்த நோட்டில் இன்று எந்த மூன்று பெயர் என்று நினைப்பு வரும். எதிர்வீட்டுக்காரர் இன்னொரு தடவை என் குடத்தை நகர்த்தினார். நான் சண்டைக்குப் போகவில்லை. அவரே சங்கடப்பட்டு அதைப் பழைய இடத்தில் வைத்தார்.

இரண்டாவது லாரி வந்த அன்று ஊருக்குப் போய்ச் செய்தி எழுதினேன். நூற்று அறுபத்துமூன்று வீடுகளுக்கும் இனி தினமும் தண்ணீர் என்று எழுதினேன். என் பழைய தப்பைப் பற்றியும் கடைசியில் இரண்டு வரி சேர்த்தேன். எண்ணை எழுத்தாலும் எழுதி, பக்கத்தில் இலக்கத்திலும் போட்டேன்.

மறுநாள் பேப்பரைப் பிரித்தேன். அந்த இரண்டு வரியை இடமில்லை என்று எடுத்துவிட்டார்கள். எண்ணையும் முழுசாக்கியிருந்தார்கள். ஐம்பது ஐம்பதாக முழுசாக்குவது இத்தனை வருடம் நானும் செய்ததுதானே. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் தினமும் குடிநீர் என்று தலைப்பு.

மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. பின்னால் பெண்கள் பேசும் சத்தமும், குச்சிகளை அடுக்கும் சத்தமும் கேட்டன.

"சார், நான் கறுப்புக் கயிறு கட்டுன குடம். தீப்பெட்டி ஆபீஸ்ல பேப்பர் வாசிச்சாங்க. நூத்தம்பது வீடுன்னு போட்டிருக்காமே. அதுல நான் இருக்கேனா?"

கேலியா, உண்மையிலேயே கேட்கிறாளா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இருக்கீங்கம்மா" என்றேன்.

கணக்குப் போட்டிருப்பாள் போல.

"அப்ப மிச்சம் பதிமூணு வீடு யாரு சார்? சொல்லுங்க, நான் இங்கன எழுதிக்கிடுதேன்."